மூடும் நேரத்து மெட்டு

மகிமுரா சிசுருவின் கூட்டங்களுக்கு ஆள் வராது. ஒகுதானி ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஊர் மண்டபத்தில் நாற்பது மடக்கு நாற்காலிகளை அவளே விரித்துப் போடுவாள். பேசி முடித்ததும் அவளே மடக்கிச் சுவரோரம் அடுக்குவாள். நடுவில் வந்து உட்காருகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் ஊராட்சி அலுவலகத்துப் பாதுகாப்புப் பிரிவின் முகுனோகி. வருவது அவர் வேலை. இன்னொருவர் மண்டபத்துக் காவலர். சாவி அவரிடம் இருப்பதால் எழுந்து போக வழியில்லை. மூன்றாவது ஆள் ஊர்ப்பக்கத்து ஆற்றங்கரை வெந்நீர் விடுதியின் தலைவி தோமோயே. விடுதித் தலைவிகளைக் கூப்பிடுகிற வழக்கப்படி ஊரே அவரை ஒகாமி என்றுதான் கூப்பிடும். தான் வருவது இலவசத் தேநீருக்கும் சோயா தடவிச் சுட்ட அரிசி அப்பளத்துக்கும்தான் என்று ஒகாமி வெளிப்படையாகவே சொல்லிக்கொள்வார். முன்வரிசை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, அப்பளத்தைக் கடித்து, விளக்கு அணைந்து படம் ஓட ஆரம்பித்ததும் சுகமாகத் தூங்கிவிடுவார்.

சிசுரு மண்சரிவை ஆராய்கிறவள். ஊருக்குப் பின்னால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் மலையின் மேற்குச் சரிவு, உச்சியில் கோயிலையும், கோயிலுக்கு ஏறும் நெடிய கல்படிகளையும் சுமந்துகொண்டு, ஆற்றைப் பார்த்து நகர்ந்துகொண்டிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு விரற்கடை நகரும். மழை அதிகமானால் இரண்டு. பத்து வருஷமாக அவள் அந்தச் சரிவுக்குள் குழாய்களை இறக்கி, கருவிகளைப் புதைத்து, அதன் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்றைக்கோ ஒரு நாள் அது மெல்ல நகர்வதை விட்டுவிட்டு ஒரேயடியாக நகரும் என்பது அவள் கணக்கு. அதைத்தான் வளைகோடுகளாகவும் சதவீதங்களாகவும் மண்டபத்தில் காட்டிக்கொண்டிருந்தாள்.

விளக்கு எரிந்ததும் ஒகாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். பத்து வருஷமாக அதே கேள்வி. படித்தவர்களை 'சென்செய்' என்றும் மற்றவர்களைப் பெயரோடு 'சான்' சேர்த்தும் மரியாதையாகக் கூப்பிடுவது அங்கே வழக்கம்.

"எல்லாம் சரி சென்செய். நான் இப்ப ஓடணுமா, அரிசி கழுவணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"அப்படி ஒரே வார்த்தையில சொல்லிட முடியாது ஒகாமி. நிகழ்தகவுன்னு ஒண்ணு இருக்கு. அடுத்த முப்பது வருஷத்துல..."

"அப்ப அரிசியக் கழுவுறேன்" என்று எழுந்து போய்விடுவார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் விடுதியில் விருந்தாளிகள் காத்திருப்பார்கள்.

சிசுருவுக்கு எரிச்சலாக வரும். அளந்து பேசுவதுதான் அவள் படித்த படிப்பு. ஆனால் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் அந்தக் கேள்வி மட்டும் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இலையுதிர் காலத்தில் ஊரில் கலைவிழா நடக்கும். நகரத்திலிருந்து கலைஞர்கள் வந்து, மூடிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தில் குடைகளைத் தொங்கவிடுவார்கள். அறுத்த வயலில் கதவுகளை நட்டுவிட்டுப் போவார்கள். ஊர்க்காரர்கள் ஒன்றும் புரியாமல், புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு, வருகிறவர்களுக்குச் சோபா நூடுல்ஸ் விற்பார்கள். அந்த வருஷம் விழாக்குழுவுக்குப் புதுசாக ஒரு யோசனை உதித்தது. ஓர் ஆய்வாளரையும் ஒரு கலைஞரையும் சேர்த்துவிட்டு, ஆராய்ச்சியை மக்களிடம் கொண்டுபோவது. ஊரில் இருந்த ஒரே ஆய்வாளர் சிசுரு. கலைஞனாக வந்தவன் ஹஸாமா.

ஒலியை வைத்து வேலை செய்கிறவன். நெட்டையாக, எப்போதும் தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி இருப்பான். அவள் கருவிக் குடிசைக்குள் வந்த முதல் நாள் திரையைப் பார்க்காமல் குழாயில் காதை வைத்தான்.

"இது எப்ப சத்தம் போடும்?"

"போடாது. எண்ணு மட்டும்தான் வரும்."

"ஐயோ பாவம்" என்றான். மலையைச் சொன்னானா அவளைச் சொன்னானா என்று சிசுருவுக்கு விளங்கவில்லை.

அவன் செய்தது இதுதான். கோயில் படிகளின் இரு பக்கமும், அடியிலிருந்து உச்சி வரை, கோடையில் வீட்டு வாசலில் மாட்டுவது போன்ற கண்ணாடிக் காற்றுமணிகளை முந்நூறு தொங்கவிட்டான். காற்று அடித்தால் அவை ஒலிக்காது. நாக்கைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குட்டி மரச்சுத்தியல் வைத்திருந்தான். மண்ணுக்குள் இருக்கும் கருவி நகர்வை உணர்ந்தால் சுத்தியல் தட்டும். மலை சோம்பலாக நகர்ந்தால் எப்போதாவது ஒன்று. வேகம் கூடினால் பல.

திறப்பு நாளன்று ஊர் முழுக்கப் படியடியில் கூடி நின்றது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ இருமினார்கள். அப்புறம், நடுப்படியில் எங்கோ, ஒரே ஒரு கண்ணாடி 'டிங்' என்றது. இன்னும் மேலே இன்னொன்று.

ஒகாமி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "பத்து வருஷமா நீங்க கத்திக்கிட்டிருந்தது இதைத்தானா? முதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா எனக்குத் தூக்கம் வந்திருக்குமா?"

சிசுருவுக்குச் சந்தோஷம்தான். அதற்குள் ஒரு சின்ன முள்ளும் இருந்தது. அதை அவள் பொருட்படுத்தவில்லை.

கூட்டம் வந்தது. தொலைக்காட்சி வந்தது. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு வந்தார்கள், பேருந்து பிடித்து வந்தார்கள். 'மலை பேசுகிறது' என்று விழாக்குழு துண்டுப் பிரசுரம் அச்சடித்தது. ஹஸாமா இன்னொரு காரியமும் செய்தான். தினமும் மதியம் சிசுருவைத் தலைக்கவசமும் ஆரஞ்சுச் சட்டையுமாக நடுப்படியில் நிற்க வைத்து, அன்றைய கணக்கை மெதுவான குரலில் படிக்கச் சொன்னான். "இன்று மலை நகர்ந்தது. நேற்றைவிடச் சற்று அதிகமாக. நாம் நிற்கும் இந்தக் கல் நிலையானது அல்ல." அவள் நிறுத்தியதும் எங்கோ ஒரு மணி தட்டும். கூட்டம் கைதட்டும். சில பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. மறைப்பானேன், ரொம்பவே பிடித்திருந்தது. காலி நாற்காலிகளைப் பார்த்துப் பத்து வருஷம் பேசியவளுக்குப் பிடிக்காமல் இருக்குமா?

முதல் பெருமழை பெய்த காலையில்தான் வம்பு வந்தது. மழை மண்ணில் இறங்க இறங்க நகர்வு கூடி, நூறு மணிகள் ஒரே நேரத்தில் அலறின. வெந்நீர்த் தொட்டியில் இருந்த விருந்தாளிகள் துண்டோடு ஓடிவந்தார்கள். மத்தியானத்துக்குள் நாலு அறை காலி. அன்று மாலையே ஒகாமி, விடுதிச் சங்கத்தின் சார்பில், ஹஸாமாவையும் சிசுருவையும் தன் விடுதிக்கு வரச்சொல்லி, தேநீரும் அவித்த கஷ்கொட்டையும் வைத்தார். உபசாரம் பலமாக இருந்தால் விஷயமும் பலமாக இருக்கும் என்று சிசுருவுக்குத் தெரியும்.

"ஹஸாமா சான், உங்க மணி ரொம்ப அழகு. ஆனா இன்னைக்குக் காலைல அது மணி மாதிரியா இருந்துச்சு? சமையல்கட்டு அலமாரி கவுந்த மாதிரி இருந்துச்சு."

ஹஸாமா கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கும் அதேதான் தோணுச்சு ஒகாமி. எல்லாம் ஒண்ணா அடிச்சா அது இசை இல்ல, இரைச்சல். ஒரு வரம்பு வெச்சுடலாம். என்ன ஆனாலும் ஒரு நேரத்துல ஏழு கண்ணாடிக்கு மேல தட்டாது."

"அப்ப மலை நிஜமாவே வேகமா நகர்ந்தா?" என்றாள் சிசுரு.

"சென்செய், அபாயச் சங்கு ஊதறது கலையோட வேலையா? அதுக்குத்தான் அலுவலகத்துல உங்க திரை இருக்கே. முகுனோகி சான் இருக்காரே."

அது உண்மைதான். முகுனோகியின் மேசை மேல் அவள் வைத்துக் கொடுத்த திரை இருந்தது. அதில் நகர்வுக் கோடும், அதற்கு மேலே ஒரு சிவப்புக் கோடும். நகர்வுக் கோடு சிவப்பைத் தொட்டால் அபாயச் சங்கு ஊத வேண்டும். யோசித்துப் பார்த்தாள். மக்கள் பயந்து ஓடிவிட்டால் யார் கேட்பார்கள்? சரி என்று தலையாட்டினாள். கஷ்கொட்டை நன்றாக இருந்தது.

விழா நாட்கள் ஓடின. மாலை ஐந்துக்குப் படிகளை மூடுவார்கள். மூடுவதற்கு முன் ஒலிபெருக்கியில் அந்த மெட்டைப் போடுவார்கள். சூப்பர் மார்க்கெட்டில், நூலகத்தில், பாச்சிங்கோ சூதாட்டக் கடையில், நாடு முழுக்க எங்கே எதை மூடினாலும் போடுகிற அதே மெதுவான மெட்டு. யாரும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை. பாட்டு ஆரம்பித்ததும் மனிதர்கள் தானாகப் பையை எடுத்துக்கொண்டு, யாருக்கோ தொந்தரவு கொடுத்துவிட்ட முகத்தோடு, வாசலைப் பார்த்து நடப்பார்கள்.

"பாருங்க சென்செய்" என்று ஒகாமி ஒரு நாள் சிரித்தார். "உங்க வளைகோட்டால முடியாதது, என் அதட்டலால முடியாதது, இந்தப் பாட்டால முடியுது. எங்க வீட்டுக்காரர் சாகக் கிடந்தப்ப இதப் போட்டிருந்தா, 'மன்னிச்சுக்குங்க, நேரமாயிடுச்சு'ன்னு உடனே கெளம்பியிருப்பாரு. ஆறு மாசம் இழுத்தடிச்சாரு மனுஷன்."

ஒகாமிதான் தொண்டர் படைக்குத் தலைவி. மஞ்சள் மேலங்கி போட்ட பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் ஊர்க்காரர்கள். படியில் வேலை செய்யும்போது யாரிடமும் கைபேசி இருக்கக் கூடாது, மலை பேசும்போது நடுவில் உங்கள் மருமகள் பேசக் கூடாது என்று ஒகாமி சட்டம் போட்டிருந்தார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பாலத்தடியில் இருந்த கூடாரத்தில் ஒரு மரப்பெட்டி. எல்லோருடைய கைபேசியும் அதற்குள். விழாவைப் பார்க்க வந்த ஊராட்சித் தலைவர்கூட மஞ்சள் மேலங்கி மாட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாகத் தன் கைபேசியைப் பெட்டியில் போட்டார்.

கடைசி நாளுக்கு முன் மூன்று நாட்கள் புயல் மழை. கடைசி நாள் வானம் வெளுத்தது. சிசுரு மதிய வாசிப்புக்காக ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டும்போது ஒகாமி எதிரில் வந்தார்.

"சென்செய், ஒரு வேடிக்கை. எங்க தொட்டியில வெந்நீர் இன்னைக்கு அரிசி கழுவின தண்ணி மாதிரி வருது. விருந்தாளிங்க தோலுக்கு நல்லதுன்னு சொல்லிக் கிண்ணத்துல மொண்டு மொண்டு ஊத்திக்கிறாங்க. மலையடி ஊற்றுக் கொட்டகைக் கதவு வேற சிக்குது, ரெண்டு பேர் தள்ளினாத்தான் நகருது. மழை ஊறலா இருக்கும், இல்ல?"

மண் அசைந்தால் ஊற்று கலங்கும் என்று சிசுருவுக்குத் தெரியும். ஆனால் அவள் வாயிலிருந்து வந்த கேள்வி இது: "மணி எப்படி அடிக்குது?"

"எப்பவும் போலத்தான். அளவா, அழகா."

"அப்பாடா" என்றாள் சிசுரு.

இரண்டடி நடந்தாள். நின்றாள். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எத்தனை வேகமாக நகர்ந்தாலும் அந்த மணி அளவாகத்தான் அடிக்கும். அளவாக அடிக்கச் சொல்லித் தலையாட்டியதே அவள்தான். மூன்று நாள் மழையில் ஒருமுறைகூட அவள் எண்களைப் பார்க்கவில்லை. வாசிப்புக்கு வேண்டிய வரிகளை ஹஸாமா எழுதிக் கொடுத்தான். படுக்கையிலிருந்து மணிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருந்தாள்.

ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடினாள். முகுனோகியின் மேசையில் திரை இல்லை.

"திரை எங்க?"

"வரவேற்புக் கூடத்துக்கு மாத்திட்டோம் சென்செய்" என்று முகுனோகி பெருமையாக எழுந்தார். "ஹஸாமா சான் நீல அலையா மாத்திக் கொடுத்தாரு. குழந்தைங்கல்லாம் அது முன்னாடி நின்னு படம் எடுத்துக்கறாங்க."

"சிவப்புக் கோடு?"

"நீலத்துக்கு நடுவுல அது நல்லா இல்லன்னு..." அவர் குரல் இறங்கியது. "மணி இருக்கேன்னு நெனச்சேன். ஏதாவதுன்னா மணி சொல்லும்தானே?"

சிசுரு அவரைத் திட்டவில்லை. எந்த வாயால் திட்டுவது? அவருடைய கணினியிலேயே தன் கருவிகளின் எண்களைத் திறந்தாள். கோடு முந்தாநாள் வரை படுத்திருந்தது. நேற்று தலையைத் தூக்கியது. இன்று காலையிலிருந்து செங்குத்தாக நின்றது. சிவப்புக் கோட்டை அது எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

"சங்கு ஊதுங்க."

"தலைவர் உத்தரவு வேணும் சென்செய்." முகுனோகி ஏற்கெனவே தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். "எடுக்க மாட்டேங்கறாரு."

எடுக்க மாட்டார். கைபேசி மரப்பெட்டிக்குள் இருந்தது. தலைவர் நிறைவு நாள் வாழ்த்துச் சொல்ல நடுப்படியில் நின்றுகொண்டிருந்தார், ஐந்நூறு பேருக்கு நடுவில்.

பாலத்தடிக் கூடாரத்தில் ஹஸாமா காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சிசுரு அதைப் பிடுங்கினாள்.

"வரம்ப எடுங்க. இப்பவே. எல்லா மணியும் அடிக்கட்டும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் விசைப்பலகையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

முந்நூறு கண்ணாடிகளும் ஒரே வாயாகக் கத்தின. அடிப்படியிலிருந்து உச்சி வரை சுத்தியல்கள் வெறிபிடித்து அடித்தன. மேல் பக்கத்தில் ஒன்றிரண்டு உடைந்து சிதறுவதுகூடக் கேட்டது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற சிசுருவுக்கே மயிர்க்கூச்செறிந்தது. இதைக் கேட்டு ஓடாதவன் இருப்பானா என்று நினைத்தாள்.

யாரும் ஓடவில்லை. "ஓ!" என்று ஒரு நீண்ட குரல் கூட்டத்திலிருந்து எழுந்தது. கைபேசிகள் உயர்ந்தன. கீழே நின்றவர்கள் நன்றாகக் கேட்பதற்காக மேலே ஏறினார்கள். பாலத்தில் சும்மா நடந்துகொண்டிருந்தவர்கள்கூட, கடைசி நாள் விசேஷம் தவறிவிடப் போகிறதே என்று படியைப் பார்த்து ஓடினார்கள்.

சிசுரு ஒலிவாங்கியைப் பிடித்தாள். "எல்லாரும் கீழ இறங்குங்க! மலை சரியப் போகுது! இது நிஜம்! தயவுசெஞ்சு இறங்குங்க!"

ஆரஞ்சுச் சட்டை, தலைக்கவசம், தினமும் கேட்ட குரல். கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். முன்னைவிட உணர்ச்சியாகப் படிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். தலைவர் பெருமிதத்தோடு அவளைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார்.

அவளுக்கு அழுகை வந்தது. பத்து வருஷம் யாரும் கேட்கவில்லை. இப்போது ஐந்நூறு பேர் கேட்கிறார்கள், கேட்டுவிட்டுக் கைதட்டுகிறார்கள். அவர்களுக்குக் கைதட்டச் சொல்லிக் கொடுத்தது யார்? அவளேதான்.

"அவங்க நம்ப மாட்டாங்க" என்றான் ஹஸாமா. அவன் முகம் சாம்பலாகிவிட்டது. "நாம என்ன செஞ்சாலும் அதுவும் விழாவோட சேர்ந்ததுதான்னு நெனப்பாங்க."

அப்போதுதான் ஒகாமியின் சிரிப்பு அவளுக்கு ஞாபகம் வந்தது.

"மூடற மெட்டப் போடுங்க."

"என்ன?"

"மணிய நிறுத்துங்க. அஞ்சு மணிப் பாட்டப் போடுங்க!"

மணிகள் சட்டென்று ஓய்ந்தன. காதில் அடைத்த மாதிரி ஒரு மௌனம். அதற்குள் அந்த மெதுவான மெட்டு வழிந்து வந்தது. ஹஸாமா, தினமும் ஒலிக்கும் பதிவுக் குரலையும் சேர்த்துவிட்டான். இன்று வருகை தந்தமைக்கு மனமார்ந்த நன்றி. நிகழ்ச்சி இத்துடன் நிறைவடைகிறது. உடைமைகளை மறவாமல் எடுத்துச் செல்லவும்.

உயர்ந்திருந்த கைபேசிகள் இறங்கின. ஒரு பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாக இன்னும் வெகுநேரம் இருந்தது. ஆனாலும் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்து கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். அப்புறம் எல்லோரும். தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை. வயசானவர்களுக்கு வழிவிட்டு, இடது பக்கமாக, 'மன்னிக்கணும், மன்னிக்கணும்' என்று முணுமுணுத்துக்கொண்டு ஐந்நூறு பேரும் படியிறங்கிப் பாலத்தைக் கடந்தார்கள். தலைவர்கூட, உரையைப் பாதியில் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக வந்துவிட்டார். பாலத்தின் இந்த முனையில் முகுனோகி, தலைவரின் கையெழுத்து விழாத சங்கு உத்தரவுத் தாளைப் பிடித்தபடி, கடப்பவர்களை எண்ணிக்கொண்டும் வணங்கிக்கொண்டும் நின்றார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

கடைசித் தள்ளுவண்டி பாலத்தைத் தாண்டியதும் சிசுரு கூடாரத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். எதிர்க்கரையில் படிகள் காலியாக, ஈரமாக மின்னின.

காலியாக இல்லை. மஞ்சளாக ஒன்று அசைந்தது.

அடிப்படியில் தொண்டர்கள் நாலைந்து பேர் குனிந்து குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் மேலே, பாதிப் படி தாண்டி, கையில் கூடையோடு ஒகாமி ஏறிக்கொண்டிருந்தார். மெட்டு ஒலித்தால் விருந்தாளி வெளியே போவான், விடுதிக்காரர் உள்ளே போவார். விட்டுப்போன குடையை எடுக்கணும், கையுறையை எடுக்கணும், உச்சியில் யாராவது தங்கிவிட்டார்களா என்று பார்க்கணும். நாற்பது வருஷம் விடுதி நடத்திய உடம்பு அது. அந்தப் பாட்டைக் கேட்டதும் தன்னால் மேலே ஏறியது. தினமும் கண்ணெதிரே ஏறிய ஒகாமியைச் சிசுரு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவசரத்தில் வாசலைப் பார்த்துப் போகிறவர்களை மட்டும்தான் அவள் நினைத்தாள்.

"ஒகாமி!"

பாலத்தில் ஓடினாள். பின்னால் ஹஸாமா பாட்டை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியில் கத்தினான். "ஒகாமி, இறங்குங்க! வேல இல்ல, இறங்குங்க!" கீழே இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தலைதெறிக்க ஓடிவரும் சிசுருவைப் பார்த்ததும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு பாலத்துக்கு ஓடிவந்துவிட்டார்கள். ஒகாமியும் நின்றார். திரும்பினார். இவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியவில்லை. கூடையை உயர்த்தி ஆட்டினார். அதில் ஒரு சிவப்புக் குழந்தைக்குடை நீட்டிக்கொண்டிருந்தது. கண்டெடுத்துவிட்டேன் என்று காட்டினார்.

முகுனோகி பின்னாலிருந்து சிசுருவின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து நிறுத்தினார்.

முதலில் மரங்கள் நடந்தன. கோயிலைச் சுற்றியிருந்த தேவதாரு மரங்கள், சாயாமல், நின்ற நிலையிலேயே, வரிசையாகக் கீழே இறங்கி வந்தன. சத்தம் அப்புறம்தான் வந்தது. படிகள் நடுவில் மடிந்தன. கண்ணாடிகள் எல்லாம், யாரும் தட்டாமலே, ஒரே ஒரு முறை ஒலித்தன. பின் மண் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஆற்றங்கரை வரை வந்து, ஒரு பெருமூச்சோடு நின்றது.

சிசுருவுக்குப் பின்னால், இந்தக் கரையில் பாதுகாப்பாக நின்ற ஐந்நூறு பேரிடமிருந்து, கைதட்டல் எழுந்தது.

மழை பிடித்த மாதிரி தட்டினார்கள். "அபாரம்" என்று யாரோ கத்தினார்கள். முகுனோகி திரும்பி அவர்களைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்த முன்வரிசை முதலில் கையை இறக்கியது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் அப்புறம். எங்கோ கடைசியில், ஒன்றும் தெரியாத இரண்டு கைகள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தன. ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம் குடையைக் காணோம் என்றாள்.

ஒகுதானியின் சூப்பர் மார்க்கெட்டில் இப்போது அந்த மெட்டு போடுவதில்லை. மூடும் நேரம் வந்தால் விளக்குகளை ஒவ்வொரு வரிசையாக அணைக்கிறார்கள். ஹஸாமா எந்த விழாவுக்கும் போவதில்லை என்று கேள்வி. பனிக்காலம் முழுக்கச் சிசுரு மலையின் கிழக்குச் சரிவில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சரிவுக்குக் கீழே முப்பது வீடுகள் இருக்கின்றன. பனி உருகத் தொடங்கிய வாரம் ஊர் மண்டபத்தில் கூட்டம் என்று அறிவித்தாள்.

நாற்பது நாற்காலிகளும் நிரம்பின. சுவரோரம் நின்றார்கள், வாசலுக்கு வெளியே நின்றார்கள். முன்வரிசை ஓரத்து நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. மண்டபத்துக் காவலர் அதன் மேல் ஒரு கோப்பைத் தேநீரும் ஓர் அரிசி அப்பளமும் வைத்துவிட்டுப் போனார். சிசுரு படங்களைக் கொண்டுவந்திருந்தாள். வளைகோடுகளையும் சதவீதங்களையும் கொண்டுவந்திருந்தாள். இத்தனை முகங்கள் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் விளக்கை அணைக்கப் போன கையை இறக்கிக்கொண்டாள். இதற்குத்தானே ஆசைப்பட்டாள்.

அடுத்த நாற்காலியிலிருந்து முகுனோகி எழுந்தார். பத்து வருஷமாக ஒகாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

"சென்செய்" என்றார். குரல் பிசிறடித்தது. "கிழக்குப் பக்கத்து ஜனங்க... ஓடணுமா, அரிசி கழுவணுமா?"

சிசுரு கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். அவற்றைக் கவிழ்த்து மேசை மேல் வைத்தாள்.

"ஓடணும்" என்றாள். "இன்னைக்கே."

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் எழுந்தார்கள். அவரவர் உட்கார்ந்த நாற்காலியை அவரவரே மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பேசாமல் வெளியேறினார்கள். கடைசியில் மண்டபத்தில் விரித்தபடி ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதை மடக்கச் சிசுருவுக்குக் கை வரவில்லை.